உப்புக்காற்றில் தகடு பிணைத்தல்: அதிராம்பட்டினத்து வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற ரிவெட்டுகள்

மெல்லிய உலோகத் தகடுகளை ஒன்றோடொன்றோ, கோணச் சட்டம் அல்லது சதுரக் குழாய் ஒன்றோடோ நிலையாகப் பிணைப்பதற்கு வீட்டுப் பட்டறைகளில் பெரிதும் கையாளப்படுவது ரிவெட் ஆகும். ஒரு முனையில் தலையும் மறுமுனையில் வெறும் தண்டும் கொண்ட இந்தச் சிறு உலோகத் துண்டைத் தகடுகளில் இட்ட துளை வழியே செருகி, தண்டின் முனையை நசுக்கி இரண்டாவது தலையாக விரிக்கும்போது, இடையிலுள்ள தகடுகள் இருபுறமும் கவ்வப்பட்டு ஒன்றாகின்றன. நூல்வழக்கில் இதனைத் தறையாணி என்பதுண்டு. ஆனால் கடைத்தெருவிலும் பட்டறையிலும் ரிவெட் என்ற சொல்லே வழங்குவதால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது. திருகாணியை வேண்டும்போது கழற்றிவிடலாம். ரிவெட்டைக் கழற்ற அதனைத் துளைத்து அழித்தாக வேண்டும் என்பதால், தேர்வில் நேரும் பிழை இங்கு எளிதில் திருத்தக்கூடியதன்று.

கடையில் ரிவெட் கேட்பவரிடம் வழக்கமாக எழும் கேள்விகள் இரண்டு: எவ்வளவு பருமன், எவ்வளவு நீளம். உள்நாட்டு ஊர்களுக்கு இவ்விரண்டும் ஓரளவு போதும். பாக் நீரிணையின் கரையில், ஒருபுறம் உப்பளங்களும் அலையாத்திக் காடும் மறுபுறம் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளுமாக அமைந்த அதிராம்பட்டினத்தில் இவற்றுக்கு முன் இன்னொரு கேள்வி எழுப்பப்பட வேண்டும்: ரிவெட் எந்த உலோகத்தால் ஆனது, அது பிணைக்கப்போகும் தகடு எந்த உலோகத்தால் ஆனது என்பதே அது. இப்பகுதியில் தகட்டு வேலைகள் சுமை தாங்காமல் முறிவதைவிட, ரிவெட்டைச் சுற்றி அரித்து, துளை பெரிதாகி, ஆட்டம் கண்டு விழுவதே மிகுதி. ஆகவே உலோகம் முதலிலும், வகை அடுத்தும், பருமனும் நீளமும் இறுதியிலும் முடிவு செய்யப்படுவதே பொருத்தமான வரிசை. இக்கட்டுரையும் அவ்வரிசையிலேயே செல்கிறது.

கடற்காற்றில் மிதந்துவரும் நுண்ணிய உப்புத்துகள்கள் தகட்டின் மேல் படியும்போது மட்டும் தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும் இயல்புடையது. கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த எல்லையை எளிதாகத் தாண்டுவதால், மழையே பெய்யாத பங்குனியிலும் சித்திரையிலும்கூடத் தகடுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இரவுதோறும் உருவாகிறது. இரும்பு துருப்பிடிப்பதற்கும், இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றுக்காகக் கரைந்துபோவதற்கும் வேண்டிய மின்கடத்தும் திரவம் அதுவே.

இவ்வட்டாரத்தில் இது நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டுவரும் செய்தி. காரைக்குடியில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்வழக்கில் சிக்ரி எனப்படுவது, உலோகங்களைக் கடற்காற்றில் திறந்துவைத்து அவை அரிக்கும் வேகத்தை அளக்கும் ஆய்வுகளுக்கு மண்டபம் என்ற கடலோர ஊரைக் களமாகக் கொண்டது. மண்டபத்தை அடுத்த பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் எஃகு உத்தரங்கள் ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டவை. அரிப்போடு இடைவிடாது போராடிப் பராமரிக்கப்பட்ட அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன, அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அத்தகைய ரிவெட்டுகள் கடற்காற்றில் நெடுங்காலம் நின்றதற்குக் காரணங்கள் இரண்டு. செந்நிறமாகக் காய்ச்சிய எஃகுத் தண்டு துளையில் செருகி அடிக்கப்பட்டதால், அது ஆறியபோது சுருங்கித் தகடுகளை இடைவெளியின்றி இறுக்கியது. உத்தரம், ரிவெட் இரண்டும் ஒரே இன உலோகமாக இருந்ததால் ஒன்றை மற்றொன்று அரிக்கவில்லை. முதல் காரணத்தை வீட்டுப் பட்டறையில் பின்பற்ற இயலாது. அரை மில்லிமீட்டர் தகட்டில் காய்ச்சிய ரிவெட்டுக்கு இடமேயில்லை. இரண்டாவது காரணம் முழுவதும் பின்பற்றத்தக்கது. கடலோரத்தில் ரிவெட் தேர்வு அதிலிருந்தே தொடங்குகிறது.

உப்புநீரில் நனைந்த நிலையில் எந்த உலோகம் முதலில் கரையும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பட்டறையில் புழங்கும் உலோகங்களை மட்டும் கொண்டால், துத்தநாகம் முதலில் கரையும். அடுத்து அலுமினியம், பிறகு இரும்பு, அதன்பின் பித்தளையும் செம்பும், இறுதியில் எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடியா எஃகு. வரிசையில் அருகருகே உள்ளவை ஒன்றோடொன்று ஓரளவு இணங்கிப் போகும். தொலைவில் உள்ளவை தொட்டுக்கொண்டால் முன்னால் இருப்பது தன்னை இழந்து பின்னால் இருப்பதைக் காக்கும். ஜி.ஐ. ஷீட் எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு இந்த இயல்பையே பயன்படுத்திக்கொள்கிறது: பூச்சு கீறிய இடத்தில் அருகிலுள்ள துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கிறது. பூச்சு எவ்வளவு தடிமனோ அவ்வளவு காலமே இந்தக் காவல் நீடிக்கும். சதுர மீட்டருக்கு இருபுறமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் உள்ள தகட்டில் ஒரு பக்கத்தின் பூச்சு ஏறத்தாழ 19 மைக்ரான். 120 கிராம் தகட்டில் அது 8 மைக்ரானைச் சற்றே தாண்டும். இரண்டும் கடையில் ஒரே பளபளப்போடு நிற்பதால், வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஒழுங்கோடு பரப்பளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கரையும் உலோகத்தின் பரப்பு பெரிதாகவும் காக்கப்படும் உலோகத்தின் பரப்பு சிறிதாகவும் இருந்தால் இழப்பு பரவலாகப் பிரிந்து மெதுவாக நடக்கும். இது தலைகீழானால் இழப்பு முழுவதும் ஒரு சிறு இடத்தில் குவியும். பெரிய எஸ்.எஸ். தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட்டுகளை அடித்தால், தகடு அப்படியே இருக்க, ரிவெட்டுகள் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். இந்த இணையைக் கடலோரத்தில் அறவே தவிர்க்க வேண்டும். பெரிய அலுமினியத் தகட்டில் எஸ்.எஸ். ரிவெட் என்பது எதிர்மாறானது: ரிவெட்டுக்கு ஒன்றும் நேராது, தகட்டின் இழப்பும் பொதுவாகத் தாங்கத்தக்கது, ஆனால் உப்புநீர் தேங்கும் இடத்தில் துளையைச் சுற்றிய வளையம் மட்டும் அரிக்கக்கூடும் என்பதால் தலைக்கடியில் சிலிக்கான் பிசின் தடவி அடிப்பது தேவையாகிறது. செம்பு, பித்தளை ரிவெட்டுகள் தோல் வேலைக்கும் செம்புப் பாத்திரத்துக்கும் உரியவை. அவற்றை அலுமினியத்திலோ ஜி.ஐ. தகட்டிலோ இடக்கூடாது.

ஆகவே அலுமினியத் தகட்டுக்கு அலுமினிய ரிவெட், எஸ்.எஸ். தகட்டுக்கு எஸ்.எஸ். ரிவெட் என்ற விதியில் ஐயம் இல்லை. ஜி.ஐ. தகட்டுக்கு எது என்பதே இவ்வூரில் அடிக்கடி எழும் கேள்வி. துத்தநாகமும் அலுமினியமும் வரிசையில் அண்டை உலோகங்கள் என்பதால் அலுமினிய ரிவெட்டே அங்கு நல்ல தேர்வு. அதிக வலிமை வேண்டி எஸ்.எஸ். ரிவெட்டை இட்டால், தலையைச் சுற்றியுள்ள மெல்லிய துத்தநாகம் முதலில் தீர்ந்து, பின்னர் அடியிலுள்ள இரும்பும் துருப்பிடிக்கும். விலை உயர்ந்த ரிவெட்டே எங்கும் சிறந்தது என்ற எண்ணம் பொய்க்கும் இடம் இது. வெறும் இரும்புத் தகட்டை எப்படியும் வண்ணம் பூசியே காக்க வேண்டும் என்பதால், அங்கு துத்தநாகம் பூசிய இரும்பு ரிவெட்டை இட்டு, அடித்து முடித்தபின் தலைகளையும் சேர்த்துப் பூசிவிடுவது முறை.

உலோகம் முடிவானபின் வகை. அடிப்படையில் இரண்டு வகைகள் எதிரெதிரே நிற்கின்றன: முழுத்தண்டாக உள்ள கெட்டி ரிவெட், உள்ளே கம்பி ஓடும் குழல் வடிவிலான பாப் ரிவெட். கெட்டி ரிவெட்டை அடிக்கத் தகட்டின் இருபுறமும் கை எட்ட வேண்டும். ஒருபுறம் தலையைக் கனமான இரும்புக் கட்டி தாங்க, மறுபுறம் தண்டின் முனையைச் சுத்தியலால் தட்டி விரிக்க வேண்டும். தகர வாளியின் காதும், அலுமினியக் கடாயின் கைப்பிடியும், ட்ரங்குப் பெட்டியின் மூலைத்தகடும் இம்முறையில் பிணைக்கப்பட்டு வந்தவை. தண்டு துளையை முழுவதும் நிரப்பிக்கொள்வதால் அசைவுக்கும் அதிர்வுக்கும் இதற்கு நிகரில்லை. உள்ளே வெற்றிடம் இல்லாததால் நீர் புகவும் வழியில்லை. தகடுகளின் மொத்தத் தடிமனுக்கு மேல் ரிவெட் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் தண்டு வெளியே நீண்டிருக்க வேண்டும். அடித்து முடிந்தபின் உருவாகும் தலையின் அகலம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருந்தால் வேலை சரி. கை பழகும்வரை தகட்டில் சுத்தியல் தடங்கள் விழும் என்பதும், ஒருவர் தாங்க ஒருவர் அடிக்க வேண்டியிருப்பதும் இதன் குறைகள். இருபுறமும் எட்டுகிற, அதிர்வுக்கு உள்ளாகிற சிறு வேலைகளில், சற்றுப் பொறுமை உள்ளவர் கெட்டி ரிவெட்டையே தெரிந்தெடுக்கலாம். மலிவும் உறுதியும் ஒருங்கே அமைந்த இந்த முறை பாப் ரிவெட்டின் வசதிக்கு முன் மறக்கப்பட்டு வருவது வருந்தத்தக்கது.

குழாய்க்குள்ளும் மூடிய பெட்டிக்குள்ளும் கை எட்டாத இடத்தில் பாப் ரிவெட் ஒன்றே வழி. பாப் என்பது தொடக்கத்தில் ஒரு வணிகப் பெயர். இன்று அந்த வகை முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது. இதில் குழல் போன்ற உடலின் உள்ளே, முனையில் குமிழ் உள்ள கம்பி ஒன்று செருகப்பட்டிருக்கும். ரிவெட் கன் என்ற கருவி அந்தக் கம்பியை முன்புறமாக இழுக்கும்போது, பின்புறத்துக் குமிழ் குழலின் முனையை நசுக்கி விரிக்கிறது. விரிவு முடிந்து இழுவிசை குறிப்பிட்ட அளவை எட்டியதும், கம்பியில் முன்பே மெலிதாக்கப்பட்டுள்ள கழுத்துப் பகுதி முறிந்து, நீண்ட பகுதி கருவியோடு வெளியே வர, குமிழ் மட்டும் உள்ளேயே தங்குகிறது.

அந்தத் தங்கிய குமிழ்தான் கடலோரத்தில் சிக்கலைத் தருகிறது. கடைகளில் அலுமினிய ரிவெட் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அலுமினிய உடலும் இரும்புக் கம்பியும் கொண்டது. உடல் துருப்பிடிக்காது, உள்ளே நின்ற இரும்புக் குமிழ் துருப்பிடிக்கும். அது பழுப்பு நீராக வடிந்து வெள்ளைத் தகட்டில் கோடு கோடாகக் கறை விடுவதோடு, துரு பருத்துக் குழலை உள்ளிருந்து நெருக்குவதும், இற்றுப்போன குமிழ் உதிர்ந்து நடுவில் ஓட்டை விழுவதும் உண்டு. ஒரு காந்தத்தை ரிவெட்டின் கம்பியில் வைத்துப் பார்த்தால் கணப்பொழுதில் உண்மை தெரிந்துவிடும். வீட்டுக்குள் நிற்கும் அலமாரிக்கும் மின்பெட்டியின் மூடிக்கும் இந்த இரும்புக் கம்பி வகையே போதும். வெளிப்புறத்தில் உடலும் கம்பியும் அலுமினியமாகவே உள்ளதை வாங்க வேண்டும். அதன் வலிமை சற்றுக் குறைவு என்றாலும், ரிவெட்டின் எண்ணிக்கையைக் கூட்டி அதை ஈடுகட்டலாம்.

மழைநீர் புகவே கூடாத வேலைகளுக்கு உடலின் பின்முனை கிண்ணம் போல மூடப்பட்ட வகை ஒன்று உண்டு. மூடிய ரிவெட் அல்லது சீல்டு ரிவெட் என்று கேட்டால் இது கிடைக்கும். குமிழ் முழுவதும் அந்தக் கிண்ணத்துக்குள் அடைபட்டிருப்பதால் நீர் தகட்டின் மறுபுறம் செல்வதில்லை, குமிழும் உதிர்ந்து விழுவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சாய்வாக அறையும் இந்தக் கரையில், வெளிச்சுவர்த் தகடுகளுக்கும் நீர்த்தொட்டி மூடிக்கும் தவிடு, உரம் வைக்கும் பெட்டிகளுக்கும் இதற்காகக் கூடுதலாகச் செலவிடுவது வீண்போகாது. ஞெகிழித் தகடு, ரப்பர் பட்டை, மெல்லிய கூட்டுத்தகடு போன்ற மென்மையான பொருள்களை உலோகச் சட்டத்தில் பிணைப்பதற்கு அகலத்தலை வகையும், பின்முனை பூவிதழ் போல நான்காகப் பிளந்து விரியும் வகையும் உள்ளன. தலை மேலே தெரியாமல் தகட்டோடு சமமாகப் படியும் குழித்தலை வகைக்குத் தகட்டில் குழி எடுக்கும் அளவு தடிமன் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த தகடுகளில் அதை முயன்றால் துளையின் விளிம்பு கத்தி முனையாகி, சிறு இழுப்புக்கே தலை உருவிக்கொள்ளும்.

பருமனைப் பொறுத்தவரை, பாப் ரிவெட்டுகள் 2.4, 3.2, 4, 4.8, 6.4 மில்லிமீட்டர் விட்டங்களில் வருகின்றன. நடுவிலுள்ள மூன்றுமே வீட்டுப் பட்டறைக்குரியவை. பிணைக்கப்படும் தகடுகளில் தடித்ததன் தடிமனைப் போல் மூன்று மடங்கு விட்டம் என்பது விமானத் தகட்டு வேலையிலிருந்து வந்த பழைய கணக்கு. இதன்படி ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு 3.2, ஒன்றரை மில்லிமீட்டருக்கு 4.8 என்று கொள்ளலாம். அரை மில்லிமீட்டர் தகட்டுக்கு இந்தக் கணக்கு மிகச் சிறிய ரிவெட்டைக் காட்டும் என்றாலும் 3.2-க்குக் கீழே செல்லத் தேவையில்லை. தகட்டுக் கடைகளில் தடிமன் கேஜ் எண்ணால் சொல்லப்படும். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை நினைவில் கொண்டால், 24 கேஜ் என்பது ஏறத்தாழ 0.56 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.91, 18 கேஜ் 1.2 என்று மாற்றிக்கொள்ளலாம்.

துளையின் அளவு ரிவெட்டின் அளவைவிட 0.1 மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாக இருக்க வேண்டும்: 3.2-க்கு 3.3, 4-க்கு 4.1, 4.8-க்கு 4.9. கையில் கிடைத்த பெரிய ட்ரில் பிட்டே போதும் என்று 4.8 ரிவெட்டுக்குத் துளையிடுவதும், மழுங்கிய பிட்டால் துளையை முக்கோணமாக்குவதும் ரிவெட்டின் தரத்தால் சரிசெய்ய முடியாத பிழைகள். குழல் விரிந்து துளையை நிரப்ப முடியாமல் முதல் நாளிலிருந்தே ஆட்டம் தொடங்கும். துளையிட்டவுடன் எழும் பிசிறை, பெரிய பிட் ஒன்றைக் கையால் சுழற்றியாவது நீக்கிவிட வேண்டும். இல்லையெனில் பிசிறின் மேல் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்க, அந்த இடைவெளியே உப்புநீர் தங்கும் இடமாகிவிடும்.

நீளத்தைத் தீர்மானிப்பது பிடிப்புத் தடிமன், அதாவது பிணைக்கப்படும் எல்லாத் தகடுகளின் மொத்தத் தடிமன். ஒவ்வொரு நீள ரிவெட்டும் குறிப்பிட்ட வீச்சுக்குள் உள்ள தடிமனையே கவ்வும். அந்த வீச்சு பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டி கிடைக்காமல் உதிரியாக வாங்க நேர்ந்தால், பிடிப்புத் தடிமனோடு விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கைக் கூட்டிக்கொள்வது ஏறத்தாழச் சரிவரும்: ஒரு மில்லிமீட்டர் தகடும் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள குழாய்ச் சுவரும் சேர்ந்து மூன்று, 4 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு மேலும் ஆறு, ஆக ஒன்பது, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு பத்து. குட்டையான ரிவெட்டில் விரிவதற்குப் போதிய குழல் இராது; நெட்டையானதில் குழல் தகட்டைச் சேராமல் நடுவிலேயே நசுங்கி நிற்கும். எந்த வேலையைத் தொடங்கும் முன்னும், அதே தகட்டின் வெட்டுத் துண்டுகள் இரண்டில் ஒன்றை அடித்துப் பார்ப்பது எந்தக் கணக்கையும்விட நம்பகமானது.

மெல்லிய தகட்டையும் தடித்த சட்டத்தையும் பிணைக்கும்போது தலை மெல்லிய தகட்டின் பக்கமும், விரியும் முனை தடித்த பக்கமும் இருப்பது நல்லது. மெல்லிய தகடு பின்புறம் அமையவேண்டிய கட்டாயம் இருந்தால், அங்கு ஒரு வாஷரைச் சேர்த்து அடிக்கலாம். தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமலும், ரிவெட்டுகளுக்கிடையே மூன்று மடங்குக்குக் குறையாமலும் தொலைவு விட வேண்டும். பெரிய தகடுகளில் வெயிலின் விரிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2.4 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலில் அது ஏறும் சூட்டுக்கும் இடையே 40 பாகை வேறுபாடு கண்டால், ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அதே சூட்டில் 1.2 மில்லிமீட்டர் அளவே நீளும். எல்லா ரிவெட்டுகளையும் இறுக்கமான துளைகளில் அடித்துவிட்டால் அந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு நாள்தோறும் ரிவெட்டின் கழுத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். நடுவிலுள்ள ரிவெட்டுகளை மட்டும் இறுக்கமான துளையில் அடித்து, ஓரங்களில் தகட்டின் துளையை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கி அகலத்தலை ரிவெட்டைப் பயன்படுத்தினால், தகடு நழுவி விரிய இடம் கிடைக்கும்.

காற்றின் விசையை இவ்வூரில் கணக்கிடாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரங்களின் தென்னந்தோப்புகளும் கூரைகளும் அதில் பட்ட பாடு அறியாதவர் இல்லை. 130 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமம். கூரையின் விளிம்புகளில் உறிஞ்சி மேலிழுக்கும் விசை அதைவிடக் கூடுதலாகும். பன்னாட்டுத் தர அளவுகளின்படி 4.8 மில்லிமீட்டர் சாதாரண அலுமினிய பாப் ரிவெட் ஒன்று அறுபடாமல் தாங்கவேண்டிய குறைந்தபட்சப் பக்கவாட்டு விசையே 120 கிலோ எடையளவுக்கு வரும். அப்படியிருந்தும் தகடுகள் பறப்பதேன் என்றால், பெரும்பாலும் தோற்பது ரிவெட் அன்று; அதன் சிறிய தலையைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு கிழிந்து, தலை துளைவழியே உருவிக்கொள்கிறது. இதற்கு மருந்து வலிமை மிகுந்த ரிவெட் ஆகாது. அகலமான தலையும் நெருக்கமான வரிசையும்தான். கூரைத் தகட்டைச் சட்டத்தோடு பிணைக்க ரிவெட்டை நம்பவே கூடாது: ரப்பர் வாஷரோடு வரும் தானே துளையிடும் திருகாணியே அதற்குரியது. கூரையில் ரிவெட்டுக்கு உள்ள இடம், ஒரு தகட்டின் ஓரம் மற்றொன்றின் மேல் படியும் மடிப்பைத் தைப்பதும் முகட்டு மூடியை இணைப்பதும் மட்டுமே. அங்கும் மூடிய வகையே வேண்டும்.

அடிக்கடி திறக்க வேண்டிய மூடிகளுக்கு, டிராக்டர் எஞ்சினின் பக்கத்தகடு, நீர் இறைக்கும் மோட்டாரின் உறை போன்றவற்றுக்கு, ரிவெட் நட் என்ற இடைவழி உண்டு. உட்புறத்தில் திருகுமரை வெட்டப்பட்ட இக்குழல், பாப் ரிவெட்டைப் போலவே ஒருபுறமிருந்து நசுக்கிப் பிணைக்கப்பட்டு, பிறகு போல்ட்டை ஏற்று இறக்க இடம் தருகிறது. இதற்குத் தனிக் கருவி வேண்டும். வெல்டிங் ஒரு மாற்றாகத் தோன்றலாம். ஆனால் துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாவதால், ஜி.ஐ. தகட்டில் அது பூச்சைப் போக்குவதோடு, மூச்சில் ஏறிக் காய்ச்சல் தரும் புகையையும் எழுப்பும்.

கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒற்றைக் கையால் அழுத்தும் சாதாரண ரிவெட் கன் 4.8 வரையிலான அலுமினிய ரிவெட்டுகளுக்குப் போதும். அதே பருமனுள்ள எஸ்.எஸ். ரிவெட்டுக்கு இருகையால் இழுக்கும் நீண்ட கைப்பிடிக் கருவி இல்லாமல் முடியாது, முயன்றால் கையும் கருவியும் சேர்ந்தே பழுதாகும். மூலைத் துளைகளில் முதலில் சிறு போல்ட்டுகளைப் பூட்டித் தகடு நகராமல் நிறுத்திக்கொண்டு, மற்றத் துளைகளை இரண்டு தகடுகளிலும் ஒருசேர இட்டால் துளைகள் பிசகுவதில்லை. தலைக்கடியில் தடவும் சிலிக்கான் பிசினைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை தேவை: திறந்தவுடன் புளிக்காடி வாடை வீசும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடுவதால் துத்தநாகத்தையும் இரும்பையும் அரிக்கும், வாடையற்ற, நடுநிலை வகை என்று குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும்.

இவ்வட்டாரத்துக்கு நெருக்கமான ஒரு வேலையைக் கொண்டு இவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம். சம்பா அறுவடைக்குப் பின் வீட்டுத் தேவைக்கு நெல் கொட்டிவைக்கும் தகரக் குதிரை வீட்டிலேயே செய்ய விரும்புபவர், 275 கிராம் பூச்சுள்ள 22 அல்லது 20 கேஜ் ஜி.ஐ. தகட்டை எடுத்துக்கொண்டு, தைக்கும் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 25 மில்லிமீட்டர் அளவு படியவிட்டு, இடையே நடுநிலைப் பிசினைக் கோடாக இட்டு, 4 மில்லிமீட்டர் மூடிய அலுமினிய ரிவெட்டுகளை 40 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அடிப்பது தக்கது. சரிந்து இறங்கும் நெல் தடைபடாதிருக்க வழவழப்பான தலை உள்ளேயும், விரியும் முனை வெளியேயும் வர வேண்டும். குதிரின் விட்டம் சிறிதாயின் கருவியை உள்ளே செலுத்திக் கடைசித் தையலை அடிப்பது கடினம் என்பதால், வளைத்து மூடும் முன்பே வேலையின் வரிசையைத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும். அடிப்பாகம் ஈரத்தரையைத் தொடாமல் மரக்கட்டையின் மேல் நிற்கட்டும். ஈரம் போகக் காயாத நெல்லைக் கொட்டினால் தகட்டின் உட்புறம் வியர்த்து, எந்த ரிவெட்டும் காக்க முடியாத கேடு நெல்லுக்கே நேரும்.

வெளியில் நிற்கும் எந்தத் தகட்டு வேலையையும் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் நன்னீரால் கழுவிவிட்டு, ரிவெட் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்ல வழக்கம். தலைக்குக் கீழே பழுப்புக் கோடு வடிந்திருந்தால் உள்ளே இரும்புக் குமிழ் துருவேறுகிறது. தலையைச் சுற்றி வெண்பொடி பூத்திருந்தால் அலுமினியமோ துத்தநாகமோ கரைகிறது. தலையை விரலால் அழுத்தும்போது அசைந்தால் துளை பெரிதாகிவிட்டது. முதல் இரண்டில், ரிவெட்டின் விட்டமே உள்ள பிட்டைத் தலையின் நடுவில் வைத்து, தலை கழன்று சுழலும்வரை மட்டும் துளைத்து, எஞ்சியதை உள்ளே தட்டிவிட்டு, அதே பருமனில் சரியான உலோகத்தால் ஆன புதியதை அடிக்கலாம். மூன்றாவதில் பழைய துளைக்குப் பழைய அளவு பொருந்தாது. 4 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் துளையை 4.9 ஆக்கி 4.8 ரிவெட்டை இட வேண்டும், ஓரத்தில் அதற்கு இடமில்லையென்றால் பழையதை அப்படியே விட்டு, இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே புதிய துளை ஒன்றை இட வேண்டும்.